ஐஸ் வந்த வீடு

1

தெய்வானை கடிதம் போட்டிருக்கிறாள். என் ஒரே தங்கை. திருப்பூரில், நாங்கள் பிறந்து வளர்ந்த அதே வீட்டில் புருஷன் பிள்ளைகளோடு இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நன்றாக ஓடுகிறது போலிருக்கிறது, பிரிட்ஜ் வாங்கிவிட்டாராம். ஒரு பக்கம் முழுக்க பிரிட்ஜ் புராணம்தான். அதன் நிறம், பூட்டு, உள்ளே எரியும் விளக்கு, பார்க்க வந்தவர்கள் யார் யார், அதில் பொறாமைப்பட்டவர்கள் யார் யார். அப்புறம் விஷயத்துக்கு வருகிறாள்.

"அண்ணா, நம்மய்யன் கல்கத்தா சேட்டுக்குப் போடுவாங்களே மாம்பழ டீ, அதெப்படீங்க? அளவெல்லாம் பாத்து எழுதிப்போடுங்க. இனி ஐஸுக்கு பேக்டரி வாசல்ல போயி நிக்கோணும்னு இல்லீங்க, ஊட்டுக்குள்ளயே விளையுது."

கடைசியில், தாளை மடிக்கிற ஓரத்தில், இடம் மிச்சமிருக்கிறதே என்று எழுதியதைப் போல இரண்டு வரி.

"தந்தி ரங்கண்ணன் போன வாரம் செத்துப்போனாருங்க. எழவுக்கு நம்ம ஊட்டுல இருந்து யாரும் போகலீங்க. அந்தாளு பண்ணுனதுக்கு எப்படிங்க போறது?"

ரங்கண்ணன் எங்கள் வட்டாரத்துக்குத் தந்தி கொண்டுவரும் ஊழியர். அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஏழு வருடமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனியும் மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனில்லை. தெய்வானை கேட்ட டீயையும் சொல்கிறேன், கேட்காததையும் சொல்கிறேன். இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதை அவள் ஒரு வரி விடாமல் படிப்பாள்.

2

நான் இருப்பது அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு மில் ஊர். இதுவும் பின்னல் ஊர்தான். இங்கே பனியனுக்குப் பதில் காலுறை பின்னுகிறார்கள். மிஷின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் ஊர்க் காதர்பேட்டைப் பின்சந்து போலவே இருக்கும். கண்ணைத் திறந்தால் சந்தும் இல்லை, சனமும் இல்லை.

வந்த முதல் வாரம் மில் கேன்டீனில் டீ கேட்டேன். முழ உயரக் கண்ணாடி டம்ளரில், கழுத்துவரை ஐஸ் போட்டு, ஏதோ பழுப்பாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள் அங்கிருந்த அம்மாள். "டீயில் ஐஸ் விழுந்திருக்கிறது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் புகார் சொன்னேன். அவள் பதறிப்போய் எடுத்துக்கொண்டு போனாள். போதவில்லை என்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் இரண்டு கரண்டி ஐஸ் போட்டுக் கொண்டுவந்தாள். அதற்குமேல் சண்டை போட எனக்கு இங்கிலீஷ் இல்லை. குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் அப்பா, அய்யனின் ஞாபகம்தான் வந்தது.

இங்கே கோடையில் வீட்டுக்கு வீடு இதைப் போடுகிறார்கள். பீச் என்று ஒரு பழம். ருசி மாம்பழத்துக்கு அடுத்த வீடு, தோலில் பூனைமயிர். நறுக்கிச் சர்க்கரை போட்டு வேகவைத்து, வடிகட்டி, ஆறின டீயில் கலக்கிறார்கள். அய்யன் செய்ததும் இதுவேதான். காதர்பேட்டையைத் தாண்டி அதிகம் போகாத மனுஷனுக்கு இது எப்படித் தோன்றியது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

3

அய்யனுக்கு நாலு பின்னல் மிஷின். சித்திரை வெயிலில் கல்கத்தாவிலிருந்து ஒரு சேட்டு சரக்கெடுக்க வருவார். சூடான டீயை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். "டண்டா, டண்டா" என்பார், குளிர்ச்சியாக வேண்டுமாம். அவர் ஊரில் ஏதோ கிளப்பில் பழம் போட்ட ஐஸ் டீ குடித்திருக்கிறாராம். "அதுக்கென்னுங்க சேட்டு, போட்டுட்டாப் போச்சு" என்றார் அய்யன். எதற்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத வாய்.

டீ போட்டாயிற்று. செந்தூர மாம்பழம் இரண்டை வேகவைத்து மசித்தாயிற்று. வடிகட்ட வேண்டுமே? பனியன் துணி மிஷினிலிருந்து குழாயாகத்தானே இறங்கும், பக்கத்தில் தையல் கிடையாது. முழ நீளம் வெட்டி, ஒரு முனையை முடிச்சுப் போட்டால் பை. அதில் ஊற்றித் தொங்கவிட்டார். சக்கை தங்கிவிட்டது, சாறு தங்கமாக இறங்கியது. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐஸ் பேக்டரிக்குப் போனார்.

அங்கேதான் வினை. எங்கள் தெருவில் ஐஸ் பாளம் வருவது ஒரே காரியத்துக்குத்தான். யாராவது செத்து, வெளியூர் மகனோ மகளோ வந்துசேரும் வரை உடம்பை வைத்திருக்க வேண்டும் என்றால் வரும். மரத்தூளும் சாக்கும் சுற்றிய பாளம் சைக்கிள் கேரியரில் சொட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால், அது எந்த வாசலில் நிற்கிறது என்று தெரு முழுக்கப் பார்க்கும். இது எங்கள் வாசலில் நின்றது. எதிர்வீட்டு ராமக்கா குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அய்யோ சாமீ, காத்தாலகூடப் பேசிட்டு இருந்தாங்களே, இப்படிப் போயிட்டாங்களே!"

ராமக்கா மாரடித்துக்கொண்டு உள்ளே வர, நாலு பொம்பளைகள் பின்னாலேயே அழுதுகொண்டு வர, என் ஆத்தா அடுப்படியிலிருந்து கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "ஏனக்கா, யாரு போயிட்டாங்க?" என்று தானும் அழ ஆயத்தமானாள். சேட்டு எழுந்து நின்று செருப்பைத் தேடினார்.

அந்த நேரம் பார்த்து ரங்கண்ணன் சைக்கிளில் வந்தார். அழுகுரல் கேட்டு இறங்கி, காக்கித் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு அய்யனிடம் போனார்.

"எப்பங்க போச்சு? யாராருக்குத் தந்தி குடுக்கோணும்? பேரு ஊரு சொல்லுங்க சாமி, நானே எழுதிக் குடுத்துப்போடறேன். நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம்."

மற்றவர்கள் அழுதார்கள், அவர் ஒருவர்தான் காரியம் கேட்டார். விஷயம் தெரிந்ததும் அழுத பொம்பளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வந்தது வந்தாயிற்று, எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர். ரங்கண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "எழவூட்டுத் தண்ணி இத்தன இனிப்பா இருந்தா தெனமும் வரலாமுங்களே" என்றார். ராமக்கா மட்டும் கோபமாக, இனி ஐஸ் எடுத்துவந்தால் முன்கூட்டியே சொல்லிவிடும்படி அய்யனைக் கண்டித்தாள்.

"சொல்றேனக்கா. எனக்குன்னு வாங்கறப்பத்தான் சொல்ல முடியாது, நீங்களா வந்துக்குங்க" என்றார் அய்யன்.

அதிலிருந்து வருடா வருடம் சேட்டு வந்தால் மாம்பழ டீ. முதல் டம்ளர் சேட்டுக்கு, அடுத்தது தெருவில் எங்கிருந்தாலும் ரங்கண்ணனுக்கு. தெய்வானைதான் ஓடிப்போய்க் கூட்டிவருவாள்.

4

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மே மாதம், திங்கட்கிழமை காலையில் தந்தி வந்தது. அப்பா காலமானார், உடனே புறப்படு. அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தவர் ரங்கண்ணன் என்று பின்னால் தெரிந்தது. யாரும் கூப்பிடாமலே வந்து, யாராருக்குத் தந்தி என்று கேட்டு, எனக்குத்தான் முதல் தந்தி எழுதினாராம்.

நான் ஒரே மகன். உடனே பதில் அடித்தேன். "புறப்படுகிறேன். வரும்வரை வைத்திருங்கள்." இங்கிருந்து திருப்பூர் போய்ச் சேர அப்போது மூன்று நாள். தெரிந்தேதான் அடித்தேன்.

மத்தியானம் குடியேற்ற அலுவலகத்துக்கு ஓடினேன். இங்கேயே தங்குவதற்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த நேரம் அது. வரிசையில் நின்று, தவறான ஜன்னல் என்று துரத்தப்பட்டு, வேறொரு ஜன்னலில் நின்று, கடைசியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி முன்னால் உட்கார்ந்தேன். பயணத்தின் காரணம் என்ன என்றார். கொள்ளி வைக்க வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்தபடி மொழிபெயர்த்து, "என் அப்பாவுக்கு நான் நெருப்பு வைக்க வேண்டும்" என்றேன். மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் விளக்கினேன். அனுதாபம் சொன்னார், சொல்லாமல் இல்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டுப் போக முன் அனுமதிக் கடிதம் வேண்டும், அது வர வாரக்கணக்கில் ஆகும் என்றார். "போவதை யாரும் தடுக்கவில்லை. போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகும். திரும்பி வர முடியுமா என்று என்னைக் கேட்காதீர்கள்."

என் மனைவி கமலம் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. வேலை, வீடு எல்லாம் இங்கே. அதிகாரி மேல் பழியைப் போடலாம், சட்டத்தின் மேல் போடலாம். ஊரில் இதுவரை அப்படித்தான் போட்டிருக்கிறேன். ஆனால் முடிவெடுத்தவன் நான். அந்த நாற்காலியிலிருந்து எழும்போதே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை மாலை நாலு மணி இருக்கும்.

தந்தி அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. நடந்து போய் வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை.

ஏன் போகவில்லை? இதைத்தான் ஏழு வருடமாக எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். என் தந்தியை அத்தனை சனத்துக்கு நடுவே சத்தமாகப் படிப்பார்கள். ஒரே மகன் வரமாட்டானாம் என்று பந்தலே பேசும். ஆத்தா காதில் அது விழும். அந்தப் பேச்சை ஒரு நாள் தள்ளிப்போட்டேன். மறுநாளும் அப்படியே தள்ளினேன். அவர்கள் கணக்கில் நான் ஆகாயத்தில் பறந்து வந்துகொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் நான் நல்ல மகன்.

தந்தி கொடுத்தாயிற்றா என்று கமலம் கேட்டாள். கொடுத்துவிட்டேன் என்றேன். மில்லுக்குப் போனேன். கேன்டீனில் ஐஸ் போட்ட டீ குடித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், நான் எப்பேர்ப்பட்டவன் என்று தெரியட்டும்.

புதன்கிழமை மாலைதான் உள்ளே போனேன். "வர இயலவில்லை. காரியம் நடத்துங்கள்." அங்கிருந்த பெண் எழுத்தர் வார்த்தைகளை எண்ணிவிட்டு, இதே கட்டணத்தில் இன்னும் சில வார்த்தைகள் எழுதலாமே என்றாள். எழுத ஒன்றும் இல்லை என்றேன்.

5

ஒரு மாதம் கழித்துத் தெய்வானை விவரமாக எழுதியிருந்தாள்.

ஐஸ் பேக்டரிக்கு நாளுக்கு நாலு நடை. அக்கினி நட்சத்திர வெயில், வைத்த பாளம் வைத்த இடத்தில் கரைந்ததாம். தண்ணீர் கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட்டை, வெட்டி மிஞ்சிய பனியன் துணித்துண்டுகளை, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டு ஒற்றினார்களாம். பெரியவர்கள் புதன்கிழமையே எடுத்துவிடலாம் என்றிருக்கிறார்கள். ஆத்தா விடவில்லை.

"எம்மவன் வெச்சிருக்கச் சொல்லியிருக்கான். வந்துட்டு இருக்கான். அவன் மொகத்தப் பாக்காம அவரு போகமாட்டாரு."

வியாழக்கிழமை அய்யனுக்குப் பக்கத்தில் யாரும் உட்கார முடியவில்லையாம். ஆத்தா மட்டும் உட்கார்ந்திருந்தாளாம். அதற்குமேல் அதைப் பற்றி தெய்வானை எழுதவில்லை. நானும் எழுதமாட்டேன்.

அன்று மத்தியானம் ரங்கண்ணன் என் தந்தியோடு வந்தார். மாப்பிள்ளை எட்டிச் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"எத்தன நாளாடா இதப் பையில வெச்சுட்டுத் திரிஞ்ச?"

"இல்லீங்க, இப்பத்தானுங்க வந்துச்சு. முருகன் மேல சத்தியமுங்க. ஆபீஸ் புத்தகத்துல எழுதியிருக்குதுங்க, வந்து பாருங்க."

அறைந்தார். பந்தல் பூராவும் பார்க்க, அய்யனின் காலடியில் வைத்து அறைந்தார். யாரும் தடுக்கவில்லையாம். என் தங்கை அதைப் பெருமையாக எழுதியிருந்தாள். "எங்கண்ணன் வர முடியலீன்னா அன்னிக்கே தந்தி குடுத்திருப்பாங்க, அந்தாளுதான் சோம்பேறித்தனமா வெச்சிருந்து அய்யனை நாற வெச்சுப்போட்டான்."

தந்தித் தாளின் தலையிலேயே நான் கொடுத்த நாளும் நேரமும் இருந்திருக்கும். ஒருவர் நிதானமாகப் பார்த்திருந்தால் போதும். ஆனால் எழவுச் சேதி வந்த தாளை எங்கள் ஊரில் வீட்டில் வைப்பதில்லை. வாசகத்தைக் கேட்டவுடன் கிழித்துத் தெருவில் போட்டுவிடுவார்கள். இதையும் கிழித்துப் போட்டார்கள். ஓடிய ஐஸ் தண்ணீரில் அதுவும் போயிற்று.

அதன்பிறகு எங்கள் தெருவில் ரங்கண்ணனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தவர் இல்லை. கொள்ளி வைத்தது பெரியப்பா மகன்.

6

மூன்று வருடம் கழித்து, இங்கே தங்குவதற்கான எல்லாத் தாளும் கைக்கு வந்த பிறகு, ஊருக்குப் போனேன். காதர்பேட்டையில் ரங்கண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். சைக்கிளை நிறுத்தி இறங்கினார். தலை நரைத்து, காக்கிச் சட்டை தொளதொளத்து, ஆள் பாதியாக இருந்தார்.

"கண்ணு, நல்லாருக்கியா? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ அந்தத் தந்திய என்னிக்குக் குடுத்த? அத மட்டும் உங்காத்தாகிட்ட சொல்லிப்போடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் கண்ணைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். ஆபீஸ் புத்தகத்தை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? தெரிந்துகொண்டே ஊரில் ஒருத்தரிடமும் என்னை விட்டுக்கொடுக்காமல், என் வாயால் வரட்டும் என்று மூன்று வருடம் காத்திருந்திருக்கிறார்.

"ஞாபகம் இல்லீங்கண்ணா" என்றேன்.

"செரி கண்ணு" என்றார். சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே போனார். நான் கடைக்குள் போய்ப் பிள்ளைக்கு உடுப்பு வாங்கினேன்.

அடுத்த வருடம் ஆத்தாவும் போய்விட்டாள். சொல்வதற்கு இருந்த நாளெல்லாம் அப்படியே போயிற்று.

7

போன மாதம் அய்யனின் திதி. என் மகள் வள்ளி, அவர் போனபிறகு பிறந்தவள், இப்போது ஏழு வயது ஆகப்போகிறது. தமிழ் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி, போடச் சொன்னால் போடுவாள், பிறகு கழற்றிவிடுவாள். கமலம் பீச் டீ போட்டு வைத்திருந்தாள். அய்யனுக்குப் பிடிக்கும் என்று வருடா வருடம் படத்தின் முன்னால் ஒரு டம்ளர் வைப்பது வழக்கம், ஐஸ் இல்லாமல். இந்த வருடம் வள்ளி தானே வைக்கிறேன் என்று எடுத்துப் போனாள். நான் போய்ப் பார்த்தபோது டம்ளர் நிறைய ஐஸ். மேலே ஒரு கட்டி மிதந்துகொண்டிருந்தது.

டம்ளரைப் பிடுங்கிச் சமையலறைத் தொட்டியில் வீசினேன். உடைந்தது.

"அப்பாரு ஹாட்" என்றாள், தாத்தாவின் படத்தைக் காட்டி, உதடு பிதுங்க. "அதான் ஐஸ் குடுத்தேன்."

"கொழந்த மேல எதுக்குப் பாயறீங்க? என்ன கெரகம் புடிச்சுது உங்களுக்கு?" என்று கமலம் ஓடிவந்தாள். வள்ளி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அப்பாவுக்கு ஐஸைக் கண்டால் பயம் என்று இங்கிலீஷில் சொன்னாள். அன்றிலிருந்து நான் சமையலறைக்குள் போனால் அவள் வெளியே போய்விடுகிறாள். இரண்டு வாரம் கழித்துத் தெய்வானையின் கடிதம் வந்தது.

8

எழுதிக்கொள், தெய்வானை அம்முணி.

எட்டு டம்ளருக்கு நாலு டம்ளர் தண்ணீர் கொதிக்கட்டும். இறக்கிய பிறகு ஆறு கரண்டி டீத்தூள் போட்டு மூடு. ஐந்து நிமிஷம், அதற்குமேல் கசந்துவிடும். வடித்து, சூட்டிலேயே சர்க்கரை போட்டுக் கரை. ஒரு சிட்டிகை ஆப்பசோடா. செந்தூரம் இரண்டு, நன்றாகப் பழுத்தது, நறுக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் வேகவைத்து மசி. பனியன் துணியை நாலு தண்ணீரில் அலசி, முடிச்சுப் போட்டு, ஊற்றித் தொங்கவிடு. பிழியாதே, தானாக இறங்கட்டும். டீயும் சாறும் தனித்தனியாக ஆறிய பிறகு மூன்று டம்ளர் பச்சைத்தண்ணீர் விட்டுக் கல. சூட்டோடு பிரிட்ஜில் வைத்தால் கலங்கிவிடும்.

அதில் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, பகலில், சனம் நடமாடும் நேரத்தில் ரங்கண்ணன் வீட்டுக்குப் போ. ஐஸ் மட்டும் போடாதே, இப்போதுதான் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. அவர் சம்சாரம் குடிக்கமாட்டார். மூஞ்சியில் ஊற்றினாலும் வாங்கிக்கொண்டு நில். வாசலில் நின்று, தெரு கேட்க இதைப் படி. ரங்கண்ணன் தந்தியை ஒரு நிமிஷம்கூட வைத்திருக்கவில்லை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய தந்தியைப் புதன்கிழமை கொடுத்தவன் உன் அண்ணன். நம் அய்யனை அப்படிக் கிடக்க வைத்தவன் உன் அண்ணன்.

உனக்கு மட்டும் தபாலில் எழுதியிருப்பேன். அண்ணன் மானம் போய்விடுமே என்று படித்த கையோடு கிழித்துப் போட்டிருப்பாய். அதனால்தான் அச்சில் போடக் கொடுத்தேன். இந்தச் சேதியும் தாமதமாகத்தான் வருகிறது, இந்தத் தடவையும் குற்றம் கொண்டுவந்தவர் மேல் இல்லை. படித்து முடித்ததும் தாளை அந்த அம்மா கையில் கொடு. வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல், கிழிக்க வேண்டாம் என்று சொல்.